3.61-உம் 3.8-உம்: புரதப் பார்கோடில் ஒளிந்திருந்த அலகுப் பிழை

20 புள்ளிகள் கொண்ட ஒரு சுருளைக் கணக்குப் போட்டுக் கட்டி நிரலுக்குள் செலுத்தியபோதுதான் பிழை அகப்பட்டது. அதற்குள் நாலாயிரம் சொச்சம் புரதங்களுக்கான அம்சங்கள் (மாடலுக்கு ஊட்டும் எண்கள்) கணக்கிட்டு முடிந்திருந்தன. மாடலும் பயிற்சி முடித்து, நம்பும்படியான எண்களைத் தந்துகொண்டிருந்தது. எங்கும் பிழைச் செய்தி இல்லை. முனைவர் பட்ட ஆய்வில் இடவியலையும் (வடிவங்களின் துண்டு, வளையம், குழிகளைப் பார்க்கும் கணிதம்) எந்திரக் கற்றலையும் சேர்த்துப் புரதக் கட்டமைப்பில் கை வைப்பவர்கள் இதே பள்ளத்தில் விழ வாய்ப்பு அதிகம். அதனால் வேலையைப் படி வரிசையில், தப்பிய இடங்களோடு எழுதி வைக்கிறேன்.

வேலை இதுதான்: புரதத்தின் குழியில் ஒரு சிறு மூலக்கூறு, அதாவது லிகண்ட், உட்கார்ந்திருக்கும் கட்டமைப்பைக் கொடுத்தால், அது எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் குவோ-வெய் வெய் குழு 2017 வாக்கில் காட்டிய வழியையே அடித்தளமாக எடுத்துக்கொண்டேன். அணுக்களைப் புள்ளிகளாக வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் உருண்டையை ஊதிக்கொண்டே போக வேண்டும். தனித்தனித் துண்டுகள் ஒட்டும், வளையங்கள் தோன்றி அடைபடும், குழிகள் மூடி நிரம்பும். ஒன்று தோன்றும் அளவு பிறப்பு, மறையும் அளவு இறப்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை. பட்டைகளின் அடுக்குதான் பார்கோடு. துண்டுகளின் பட்டைகள் 0-பரிமாணம், வளையங்களுடையவை 1, குழிகளுடையவை 2. அதை எண்வரிசையாக்கி மாடலுக்குக் கொடுக்கிறோம்.

கருவிகள்: பைத்தான், தூர அணியிலிருந்து (புள்ளிகளுக்கு இடையேயான தூரங்களின் அட்டவணை) பட்டை எடுக்க ரிப்ஸர், ஆல்ஃபா காம்ப்ளெக்ஸ் என்ற இன்னொரு கட்டுமான முறைக்குப் பிரான்சின் இன்ரியாவிலிருந்து வரும் ‘கூடி’ நூலகம், முடிவு மரங்களால் ஆன மாடலுக்கு சைக்கிட்-லேர்ன், புரதங்களின் அமினோ அமில வரிசைகளைக் கொத்தாக்க எம்எம்சீக்ஸ்2. எதற்கும் காசு இல்லை. 16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி போதும், கிராஃபிக்ஸ் அட்டை தேவையில்லை. தரவு பிடிபி-பைண்ட் (பிணைப்பின் இறுக்கத்தோடு புரத-லிகண்ட் கட்டமைப்புகளைத் தரும் தரவுத்தளம்) 2016 பதிப்பின் சுத்திகரித்த தொகுப்பு, 4,057 கூட்டமைப்புகள். சோதனைக்குக் காஸ்ஃப்-2016 என்ற ஒப்பீட்டுத் தொகுப்பின் 285. அந்த 285-உம் முந்தைய தொகுப்புக்குள்ளேயே இருப்பதால் முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். பயிற்சிக்கு மிஞ்சுவது 3,772.

கோப்புகளைச் சுத்தம் செய்தது

நேரம் அதிகம் தின்னும் பகுதி இதுதான். அணுக்களின் இருப்பிடங்களைத் தரும் பிடிபி கோப்பு இடைவெளியால் பிரித்த கோப்பு அல்ல, பத்தி (நெடுவரிசை) எண் பார்த்துப் படிக்க வேண்டிய கோப்பு. ஆயத்தொலைவுகள் 31 முதல் 54 வரை, மாற்று இருப்பிடக் குறி (ஒரே அணு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவாகியிருப்பதைக் காட்டுவது) 17-இல், தனிமத்தின் பெயர் 77, 78-இல். இடைவெளி வைத்துப் பிரித்தால், எதிர்க்குறியோடு வரும் பெரிய எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும்.

அணுப் பெயரில் ஒரு கண்ணி உண்டு. ஆல்ஃபா கார்பனும் (ஒவ்வொரு அமினோ அமிலத்தின் மையக் கார்பன்) கால்சியமும் இரண்டுமே ‘சிஏ’தான். கால்சியத்துக்கு அந்த எழுத்துகள் 13-ஆம் பத்தியில் தொடங்கும், ஆல்ஃபா கார்பனுக்கு 14-இல். பெயரை வாங்கியதும் இருபுறமும் இடைவெளியை வெட்டிவிடும் பழக்கம் பலருக்கும் உண்டு. வெட்டினால் வித்தியாசம் போய்விடும், கால்சியம் அயனி ஒன்று புரதத்தின் முதுகெலும்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தனிமப் பத்தியைப் பார்த்து மட்டுமே அணுவை இனங்காணுங்கள்.

அணுக்கருக் காந்த அதிர்வு (என்எம்ஆர்) முறையில் கிடைத்த கோப்புகளில் பல மாதிரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். முதல் மாதிரியோடு நிறுத்தாவிட்டால் புள்ளிக்கூட்டம் பல மடங்காகும். மாற்று இருப்பிடங்களில் இடம்பெறு விகிதம் அதிகமானதை மட்டும் வைக்க வேண்டும். செலனோமெதியோனைன் (கந்தகத்துக்குப் பதில் செலினியம் உள்ள மெதியோனைன் அமினோ அமிலம்) வழக்கமான அணு வரிகளில் இல்லாமல் ‘ஹெட்-ஆட்டம்’ வரிகளில் வரும். அந்த வரிகளை மொத்தமாகத் தூக்கினால் சங்கிலி நடுவில் அறுந்துவிடும்.

இவை சரியாக நடந்தனவா என்று பார்க்கப் பார்கோடே கைகொடுக்கும். ஒரு சங்கிலியின் ஆல்ஃபா கார்பன்களை மட்டும் எடுத்து 0-பரிமாணப் பட்டைகளைப் பாருங்கள். உபிக்விட்டின், பிடிபி எண் 1யூபிக்யூ, 76 அமினோ அமிலம். முடிவுள்ள பட்டைகள் 75 வர வேண்டும், எல்லாமே 3.8 ஆங்ஸ்ட்ராமை (அணுக்களை அளக்கும் நீள அலகு) ஒட்டி முடிய வேண்டும். அடுத்தடுத்த ஆல்ஃபா கார்பன்களின் தூரம் அதுதான். 4.2-ஐத் தாண்டி ஒரு பட்டை போனால் சங்கிலியில் இடைவெளி இருக்கிறது. 1-க்கும் கீழே பட்டை வந்தால் மாற்று இருப்பிடம் இரண்டும் உள்ளே வந்துவிட்டது. எல்லா அணுக்களையும் சேர்த்துப் பார்க்கும்போது 1.0 அருகே பட்டைகள் குவிந்தால் ஹைட்ரஜன் போகவில்லை என்று பொருள்.

2.9, 3.0 அருகே ஒன்றிரண்டு பட்டை வந்தால் பதற வேண்டாம். வழக்கத்துக்கு மாறாக மடங்கிய ‘சிஸ்’ பெப்டைடு பிணைப்பில் அந்தத் தூரம் குறையும். ரிபோநியூக்ளியேஸ்-ஏ, 7ஆர்எஸ்ஏ, இதற்கு நல்ல சோதனைப் பொருள். 124 அமினோ அமிலம், 93-ஆவதும் 114-ஆவதுமான புரோலின்கள் சிஸ். 123 பட்டைகளில் இரண்டு மட்டும் குட்டையாகத் தெரிந்தால் உங்கள் வாசிப்பு நிரல் நேராக இருக்கிறது. ஒரு புரதத்தின் வேதியியல் உண்மை, வெறும் பட்டைகளின் நீளத்தில் இவ்வளவு சுத்தமாகத் தெரிவது எத்தனை முறை பார்த்தாலும் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

லிகண்டும் புரதமும் தொடும் இடம்

இங்கே தூரத்தையே மாற்றி எழுதுகிறோம். புரத அணுவுக்கும் லிகண்ட் அணுவுக்கும் நடுவே உள்ள தூரம் அப்படியே இருக்கும், ஒரே மூலக்கூறுக்குள் இருக்கும் தூரங்கள் எல்லாம் முடிவிலி. அப்போது பட்டைகள் தொடுகையை மட்டுமே பேசும். புரதத்தில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் என நான்கு. லிகண்டில் அவற்றோடு பாஸ்பரஸ், ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின் சேர்ந்து ஒன்பது. ஆக 36 ஜோடிகள். ஒவ்வொன்றுக்கும் 12 ஆங்ஸ்ட்ராம் வரை, 0.5 அகலத்தில் 24 பெட்டிகள். மொத்தம் 864 எண்கள்.

முடிவிலிக்குப் பதில் 999 என்று போட்டேன். அதில் தவறில்லை. ஆனால் ஒரே மூலக்கூறுக்கான கட்டத்தை மொத்தமாக 999 ஆக்கியபோது மூலைவிட்டமும் (ஒரு புள்ளிக்கும் அதற்கேயும் உள்ள தூரம்) 999 ஆகிவிட்டது. பைத்தான் ரிப்ஸர் மூலைவிட்டத்தில் உள்ள எண்ணை அந்தப் புள்ளி பிறக்கும் அளவாக எடுத்துக்கொள்ளும். புள்ளிகள் எல்லாம் 999-இல் பிறந்தன, 12-க்குள் எதுவுமே நடக்கவில்லை, 864 பெட்டிகளும் காலி. இந்தத் தப்பு உடனே கண்ணில் பட்டது. மூலைவிட்டத்தைத் திரும்ப 0 ஆக்கினால் சரியாகிவிடும். 0-பரிமாணம் மட்டும் போதுமென்றால் ரிப்ஸரே வேண்டாம், சைப்பை என்ற பைத்தான் நூலகத்தில் இருக்கும் மினிமம் ஸ்பானிங் ட்ரீ (எல்லாப் புள்ளிகளையும் மிகக் குறைந்த நீளத்தில் இணைக்கும் மரம்) அதே விடையைத் தரும். 4,057 கட்டமைப்புக்கு 36 ஜோடி என்றால் 1,46,052 அழைப்புகள். பாதிக்கு மேல் காலியாகத்தான் வரும், ஏனென்றால் புரோமினோ அயோடினோ எல்லா லிகண்டிலும் இருப்பதில்லை. காலி ஜோடிக்கு 24 பூஜ்யம் திருப்பித் தர மறக்காதீர்கள்.

இந்தப் பட்டைகள் எதை எண்ணுகின்றன என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்வது முக்கியம். லிகண்டில் இரண்டு நைட்ரஜன், சுற்றி ஐந்து ஆக்சிஜன் என்று வையுங்கள். தொடுகைகள் 10, பட்டைகள் 6 மட்டுமே. புள்ளிகள் 7, எல்லாவற்றையும் இணைக்க 6 கோடு போதும். மீதி நான்கு தூரங்களைப் பார்கோடு சொல்லவே சொல்லாது. அதாவது பட்டைகளின் மொத்த எண்ணிக்கை கிட்டத்தட்ட அணுக்களின் எண்ணிக்கை. இது பின்னால் பெரிய விஷயமாகிறது.

இன்னொரு பொருத்தமின்மையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தரவோடு வரும் ‘பாக்கெட்’ கோப்பு லிகண்டிலிருந்து 10 ஆங்ஸ்ட்ராமுக்குள் உள்ள அமினோ அமிலங்களை மட்டும் வைத்திருக்கும். 12 வரை எண்ணும் பெட்டிகளை அதன்மேல் ஓட்டினால் கடைசி நான்கு பெட்டிகள் அரைகுறையாகவே நிரம்பும். முழுப் புரதக் கோப்பிலிருந்து நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

வளையமும் குழியும்: பிழை நுழைந்த இடம்

குழியின் வடிவத்துக்கு 1, 2 பரிமாணப் பட்டைகள் வேண்டும். ரிப்ஸர் பயன்படுத்தும் ரிப்ஸ் முறையில் எல்லா அணுக்களையும் போட்டால் தாங்காது. உபிக்விட்டினில் ஹைட்ரஜன் இல்லாமல் 602 அணுக்கள். வெட்டுத்தூரம் இல்லாவிட்டால் முக்கோணங்கள் 3.6 கோடி, நான்முகிகள் 542 கோடி. ஆல்ஃபா காம்ப்ளெக்ஸ் டெலோனே பிரிப்பில் (அண்டைப் புள்ளிகளை மட்டும் இணைக்கும் பிரிப்பு) வரும் முக்கோணங்களை மட்டுமே எடுத்துக்கொள்வதால் வேலை சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அதனால் 0-பரிமாணத்துக்கு ரிப்ஸ், மேலே உள்ளவற்றுக்கு ஆல்ஃபா என்று பிரித்துக்கொண்டேன்.

மாறியதும் வழக்கமான சோதனையை ஓட்டினேன்: ஆல்ஃபா கார்பன்கள், 0-பரிமாணம். பட்டைகள் 3.6 பக்கம் முடிந்தன. எதிர்பார்த்தது 3.8. ஏதோ சிறு வித்தியாசம், இரண்டு முறைகளின் கட்டுமானம் வேறு என்பதால் வருகிறது என்று முடிவு கட்டி மேலே போய்விட்டேன். முழு வேலையிலும் மோசமான தீர்மானம் அதுதான். மரக்கோடுகளின் அளவில் இரண்டு முறைக்கும் வித்தியாசமே வரக்கூடாது.

‘கூடி’யின் ஆல்ஃபா காம்ப்ளெக்ஸ் தருவது ஆரத்தின் வர்க்கம். ரிப்ஸ் தருவது புள்ளிகளுக்கு இடையேயான முழுத் தூரம். 3.8-இன் பாதி 1.9, அதன் வர்க்கம் 3.61. தூரம் சரியாக 4 ஆக இருந்தால் பாதியின் வர்க்கமும் 4-தான், இரண்டு அளவும் அங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. புரதத்தின் அடிப்படைத் தூரமான 3.8 அந்த 4-க்குப் பக்கத்திலேயே இருப்பதால், தவறான அலகு சரியான விடைபோல வேஷம் போட்டது. 4-ஐ விட்டு விலக விலகத்தான் உண்மை தெரியும்: தூரம் 8 என்றால் ஆல்ஃபா சொல்வது 16.

இதன் விளைவு என்ன? பெட்டிகள் 12 வரை. ஆரத்தின் வர்க்கம் 12 என்றால் தூரம் 6.93 ஆங்ஸ்ட்ராம். அதற்கு மேல் நடப்பதெல்லாம் பெட்டிக்கு வெளியே கொட்டிப்போனது. 4 ஆங்ஸ்ட்ராம் ஆர உருண்டை நுழையக்கூடிய ஒரு குழி 16-இல் மூடும், அதாவது கணக்கிலேயே வராது. எதற்காக ஆல்ஃபாவுக்குப் போனோமோ, அந்தக் குழியின் அளவே அம்சங்களில் இல்லை. மரங்கள் ஏன் புகார் செய்யவில்லை என்றால், ஓர் அம்சத்தை வர்க்கமாக்கினாலும் வரிசை மாறாது, மரத்துக்கு வரிசை மட்டும் போதும். வெட்டுப்பட்டதை அது அறிய வழியே இல்லை. மிச்சம் இருந்த தொடுகை அம்சங்களை வைத்து அது பாட்டுக்கு நல்ல எண்ணைத் தந்தது.

கையால் கட்டிய சுருள்

கண்டுபிடித்த விதம் எளிது, முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஆரம் 2.3 ஆங்ஸ்ட்ராம், ஒரு புள்ளிக்கு 100 பாகை திருப்பம், 1.5 ஏற்றம் என்று 20 புள்ளிகள் வைத்தால் ஆல்ஃபா சுருளின் முதுகெலும்பு கிடைக்கும். தூரங்களைக் கையால் கணக்கிடலாம்: பக்கத்துப் புள்ளிக்கு 3.83, இரண்டாவதற்கு 5.43, மூன்றாவதற்கு 5.05, நான்காவதற்கு 6.20. மூன்றாவது புள்ளி இரண்டாவதைவிடக் கிட்டே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சுருள் திரும்பி வருவதன் அடையாளம் அது.

ஆகவே 5.05-இல் நான்கு நான்கு புள்ளிகளாக வளையங்கள் தோன்றும், 5.43-இல் குறுக்குக் கோடுகள் வந்ததும் அடைபடும். எத்தனை? கோடுகள் 19-உம் 17-உம் சேர்ந்து 36, புள்ளிகள் 20, துண்டு 1. 36 − 20 + 1 = 17. ரிப்ஸில் ஓட்டினால் 5.05-இல் பிறந்து 5.43-இல் இறக்கும் 17 பட்டைகள், அச்சு அசலாக. ஆல்ஃபாவில் ஓட்டியபோது பிறப்பு 6.39 என்று வந்தது. 0-பரிமாணம் 3.67. 3.67 என்பது 3.83-ஐவிடச் சிறியது, 6.39 என்பது 5.05-ஐவிடப் பெரியது. ஒரே பெருக்கு எண் இரண்டையும் விளக்காது. அப்போதுதான் வர்க்கம் நினைவுக்கு வந்தது.

வர்க்கமூலம் எடுத்து 2-ஆல் பெருக்கினால் பிறப்பு 5.05, மரக்கோடு 3.83. இறப்பு மட்டும் 5.43-க்குப் பதில் 5.65 என்று நிற்கும். இது பிழையல்ல. ரிப்ஸ் முக்கோணத்தின் மூன்று பக்கமும் வந்ததுமே நிரப்பிவிடும், ஆல்ஃபா மூன்று உருண்டைகளும் நடுவில் சந்திக்கும் வரை காத்திருக்கும். கூர்முக்கோணங்களில் அது தாமதமாகத்தான் நடக்கும்.

பென்சீன் வளையம் இன்னும் சிறிய சோதனை. பக்கம் 1.39 உள்ள அறுகோணம்: ரிப்ஸில் 1.39 முதல் 2.41 வரை ஒரு பட்டை, ஆல்ஃபாவில் மாற்றிய பிறகு 1.39 முதல் 2.78 வரை. ஆறு புள்ளிகளும் ஒரே தளத்தில், ஒரே வட்டத்தில் கிடப்பதால் ஒவ்வொன்றையும் 0.001 அளவுக்கு அசைத்துவிட்டுக் கொடுங்கள். சுருள், அறுகோணம் இரண்டும் இப்போது நிரலோடேயே சோதனையாக ஓடுகின்றன. நூலகத்தை மாற்றினாலோ பதிப்பு ஏறினாலோ முதலில் அவைதான் பேசும்.

பயிற்சி, பிரிப்பு

அம்சங்களைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். கிரேடியன்ட் பூஸ்டிங் (முந்தைய மரங்களின் பிழையை அடுத்த மரம் திருத்தும் முறை), 4,000 மரங்கள், ஆழம் 7, கற்றல் வேகம் 0.01, ஒவ்வொரு மரத்துக்கும் தரவில் பாதி, அம்சங்களில் வர்க்கமூல அளவு. ஐந்து விதைகளின் (சீரற்ற தொடக்க எண்களின்) சராசரி. இதில் சொல்ல அதிகம் இல்லை, இந்த எண்களைச் சற்று அசைத்தாலும் பெரிய மாற்றம் வருவதில்லை.

மாற்றம் வருவது தரவைப் பிரிக்கும் விதத்தில். எச்ஐவி புரோட்டியேஸ், கார்பானிக் அன்ஹைட்ரேஸ் போன்றவை இந்தத் தொகுப்பில் திரும்பத் திரும்ப வருகின்றன. கண்ணை மூடிக்கொண்டு பிரித்தால் அதே புரதம் பயிற்சியிலும் சோதனையிலும் உட்காரும், மாடல் வடிவத்தைக் கற்காமல் ஆளை அடையாளம் கண்டு மதிப்பெண் வாங்கும். வரிசை ஒற்றுமை 30 சதவீதத்தில் எம்எம்சீக்ஸ்2 கொண்டு கொத்துகளாக்கி, ஒரு கொத்து முழுவதும் ஒரே பக்கம் போகும்படி பிரித்தேன். முதலில் சிடி-ஹிட் என்ற இன்னொரு கொத்தாக்கும் நிரலை வைத்துப் பார்த்தேன், புரதங்களுக்கு அது 40 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. கொத்துப் பிரிப்பில், கணிப்புக்கும் அளந்த மதிப்புக்கும் உள்ள ஒட்டுறவு தெளிவாக இறங்கியது. அந்த இறங்கிய எண்தான் ஆய்வேட்டில் போக வேண்டியது.

அடுத்த சோதனை இன்னும் கசப்பானது. லிகண்டின் கன அணுக்களின் (ஹைட்ரஜன் தவிர்த்தவை) எண்ணிக்கை ஒன்றை மட்டும் கொடுத்து ஒரு மாடல் செய்தால், அதுவே கணிசமான தூரம் வருகிறது. காஸ்ஃப்-2016 ஒப்பீட்டிலும் இதே சேதி உண்டு: பிணையும்போது மறையும் பரப்பளவு என்ற ஒற்றை எண் 0.625 ஒட்டுறவு பெற்றது, பிணைப்பை மதிப்பிடும் நிரலான ‘ஆட்டோடாக் வினா’ 0.604. பெரிய லிகண்ட் இறுக்கமாகப் பிடிக்கும் என்ற பொது உண்மையே பாதி மதிப்பெண்ணைத் தந்துவிடுகிறது. பட்டைகளின் மொத்த எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அணு எண்ணிக்கைதான் என்று மேலே பார்த்தோம். ஆகவே 864 எண்களும் அளவை மறைமுகமாகச் சுமக்கின்றன. இதை உடைக்க, முதலில் அணு எண்ணிக்கையால் விளக்கப்படும் பங்கைக் கழித்துவிட்டு, மீதியை மட்டும் இடவியல் அம்சங்களால் கணிக்கச் சொன்னேன். மீதியில் ஒட்டுறவு சிறியதாகத்தான் இருக்கிறது, ஆனால் இருக்கிறது. குழிப் பட்டைகள் அலகு திருத்திய பிறகுதான் அதில் பங்கெடுக்கத் தொடங்கின. இத்தனை வேலைக்கும் கிடைத்த உண்மையான பலன் அந்தச் சிறு பங்கு என்று நம்புகிறேன். அதைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டியதில்லை.

அடுத்த முறை மாற்றுவது: பெட்டியில் போட்ட எண்களைச் சேமிக்காமல் பட்டைகளையே பிறப்பு, இறப்பு, பரிமாணம் என்று சேமிப்பேன். 32-பிட் எண்களில் ஒரு பட்டைக்கு 12 பைட்தான் ஆகும். அப்படி வைத்திருந்தால் அலகைத் திருத்த ஒரு வரி போதுமாயிருக்கும், எல்லாக் கட்டமைப்பையும் திரும்ப ஓட்டியிருக்க வேண்டாம். கோப்பின் பெயரிலேயே ‘தூரம்’ அல்லது ‘ஆரவர்க்கம்’ என்று எழுதுவேன். தரவைப் பிரிப்பதை அம்சங்கள் எடுப்பதற்கு முன்பே முடித்துப் பூட்டிவிடுவேன். குழியில் துத்தநாகம் இருக்கும் கட்டமைப்புகளை இந்த ஓட்டத்தில் உலோகம் இல்லாததுபோலவே நடத்தியிருக்கிறேன். கார்பானிக் அன்ஹைட்ரேஸில் லிகண்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்தத் துத்தநாகம்தான் என்பதால், புரதப் பக்கம் ஐந்தாவது தனிமமாக அதைச் சேர்த்து 45 ஜோடிகளாக ஓட்டுவது அடுத்த வேலை.